வேகமான பையன் கிடைத்துவிட்டான், எந்த பைக்கில் ஏற்றுவது?

2024 மார்ச் 24, ஞாயிறு ராத்திரி ஏழரை மணி. போர்ச்சுகலில் போர்த்திமாவ் பந்தயம். பைக் பந்தய உலகின் உயர் வகுப்பான மோட்டோஜிபிக்கு வந்து அது இரண்டாவது பந்தயம்தான் பெட்ரோ அகோஸ்டாவுக்கு. எட்டு உலகப் பட்டம் வாங்கிய மார்க் மார்க்கெஸைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் நடப்பு சாம்பியன் பெக்கோ பன்யாயாவையும் தாண்டினார். முடிவில் மூன்றாம் இடம். வயது 19.

சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது: "இப்படி ஓட்டுறவன நேரா கேடிஎம் ஃபேக்டரி டீம்ல போடாம டெக்3-ல எதுக்குப் போட்டாங்க?" "அங்க சீட் காலி இல்ல" என்று அனுப்பிவிட்டு மிச்சத் தோசையைச் சாப்பிட்டேன். ஃபேக்டரி டீம் என்றால் பைக் கம்பெனியின் சொந்த அணி, டெக்3 அதே கம்பெனி பைக்கை ஓட்டும் துணை அணி, அதாவது சாட்டிலைட். பதில் தப்பில்லை. அந்த வருடம் கேடிஎம்மிடம் இரண்டு அணியிலும் சேர்த்து இருந்தது நான்கு சீட், ஒப்பந்தத்தில் இருந்தது ஐந்து பேர். போல் எஸ்பார்கரோ டெஸ்ட் ரைடர் வேலைக்கு ஒதுங்கிக்கொண்டதால்தான் அகோஸ்டாவுக்கே இடம் கிடைத்தது. ஆனால் அது பாதிப் பதில். இரண்டு வருடம் முன்பு இதே டெக்3, இதே கேடிஎம், இதே மாதிரி அடுத்த கீழ் வகுப்பான மோட்டோ2-வில் கொடி நாட்டிவிட்டு வந்த இரண்டு பையன்களை ஏற்றி, இரண்டு பேரையும் ஒரே சீசனில் இழந்தது. ஒரே வாசல் வழியாக வந்தவர்களில் ஒருவர் ஏறினார், இருவர் வழுக்கினார்கள். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

ஒரு அணி நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்போம். கீழ் வகுப்பில் ஒரு பையன் கண்ணில் பட்டுவிட்டான். விட்டால் பக்கத்து கராஜ்காரன் தூக்கிவிடுவான். எனவே கையெழுத்து வாங்குவதா வேண்டாமா என்பதில் பெரிய யோசனை இல்லை, வாங்கத்தான் வேண்டும். வாங்கிய பிறகு அவனை எங்கே வைப்பது என்பதில்தான் தலைவலி. நான்கு வழி உண்டு: ஒன்று, கடைசி வகுப்பான மோட்டோ3-லிருந்து மோட்டோ2-வையே தாண்டி மேலே கொண்டுவருவது; இரண்டு, மோட்டோ2-விலிருந்து நேராக ஃபேக்டரி அணியில் உட்கார வைப்பது; மூன்று, ஒப்பந்தத்தைத் தொழிற்சாலை போட்டுக்கொண்டு பையனைச் சாட்டிலைட் அணியில் வைப்பது; நான்கு, கையெழுத்தை இப்போதே வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் கீழேயே ஓட விடுவது.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2014-ல் ஜாக் மில்லர் மோட்டோ3-ல் ஆறு பந்தயம் ஜெயித்து, வெறும் இரண்டு புள்ளியில் அலெக்ஸ் மார்க்கெஸிடம் பட்டத்தை விட்டார். ஹோண்டா அவரை மூன்று வருட ஒப்பந்தத்தில் நேராக மோட்டோஜிபிக்குத் தூக்கியது. 2015 முழுக்க ஓட்டிச் சேர்த்தது 17 புள்ளி. இதில் கவனிக்க வேண்டியது, ஹோண்டா அவருக்குக் கொடுத்த க்ரூ சீஃப், அதாவது அவர் பைக்கைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் தலைவர், யார் என்பது. கிறிஸ்டியன் கபரினி. கேசி ஸ்டோனரை 2007-லும் 2011-லும் சாம்பியனாக்கியவர். அவ்வளவு பெரிய கையைக் கூட வைத்தும் முடியவில்லை, ஏனென்றால் கீழே இருந்தது ஃபேக்டரி பைக்கின் மலிவு வடிவம். மில்லர் 2016-ல் அஸ்ஸனில் மழையில் ஜெயித்தார், பிறகு டுகாட்டியில் நல்ல பெயரும் எடுத்தார், உண்மைதான். ஆனால் அஸ்ஸனின் அந்த ஒரு வெற்றியைத் தவிர, அறுவடை ஹோண்டாவுக்குப் போய்ச் சேரவில்லை. 2022-ல் டாரின் பைண்டரை யமஹாவின் சாட்டிலைட் அணி இதே போலத் தூக்கியது. ஒரே வருடத்தில் அவர் மோட்டோ2-வுக்கு இறங்க வேண்டி வந்தது. இந்த வழியை நான் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவேன்.

ஏன் மோட்டோ2-வைத் தாண்டக் கூடாது என்று கேட்டால், மோட்டோ2-விலிருந்து வருவதே ஒரு பெரிய தாண்டல்தான். மோட்டோ2-வில் எல்லோருக்கும் ஒரே 765 சிசி டிரயம்ஃப் எஞ்சின், ஸ்டீல் பிரேக் டிஸ்க். மோட்டோஜிபியில் 1000 சிசி, கார்பன் டிஸ்க், போகும்போதே பைக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவி. கார்பன் பிரேக் சூடேறும் வரை சரியாகக் கடிக்காது. சூடேறிவிட்டால், பையன் அதுவரை பழகிய இடத்தில் பிரேக்கைப் பிடித்தால் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வண்டி நின்றுபோகும். முகெல்லோ நேர்பாதையில் 2023-ல் பிராட் பைண்டர் தொட்ட வேகம் மணிக்கு 366.1 கிலோமீட்டர். அந்த வேகத்தில், "இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் பிடி" என்று சொல்வது சுலபம். பிடிக்க வேண்டிய கைக்கு அது முன்பின் தெரியாத ஊர்.

ஃபேக்டரிக்கு நேராக

இந்த வழிக்கு ஆதரவாக யார் பேசினாலும் முதலில் வரும் பெயர் மார்க் மார்க்கெஸ். புதியவர்கள் ஃபேக்டரி அணியில் சேரக் கூடாது என்று 2010-ல் ஒரு விதி வந்தது. ஸ்டோனர் ஓய்வு அறிவித்து ஹோண்டாவில் அவர் சீட் காலியானது, விதி நீக்கப்பட்டது, 2013-ல் மார்க்கெஸ் ஹோண்டாவின் ஃபேக்டரி அணியான ரெப்சால் ஹோண்டாவில் உட்கார்ந்தார். இரண்டாவது பந்தயமான ஆஸ்டினில் வெற்றி, ஆண்டு முடிவில் பட்டம். 1978-ல் கென்னி ராபர்ட்ஸுக்குப் பிறகு முதல் வருடத்திலேயே உயர் வகுப்புப் பட்டம் வாங்கியவர் அவர்தான்.

இதை வைத்துக் கணக்குப் போடுவது, சச்சின் பதினாறு வயதில் பாகிஸ்தானில் ஆடினார் என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனை ரஞ்சிக்கு அனுப்புவது போல. தவிர, மார்க்கெஸ் தனியாக வரவில்லை. மோட்டோ2-வில் கூட இருந்த சாந்தி எர்னாண்டஸைக் க்ரூ சீஃபாகக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துப் பெட்டியில், அதாவது அதே அணியின் இன்னொரு சீட்டில், ஹோண்டா பைக்கை வருடக் கணக்கில் ஓட்டிய டானி பெட்ரோசா.

எனக்கு இதைவிடப் பாடமாகத் தெரிவது அவர் தம்பியின் கதை. 2019 மோட்டோ2 சாம்பியன் அலெக்ஸ் மார்க்கெஸை ஹோண்டா 2020-க்கு ஃபேக்டரி அணியிலேயே எடுத்தது. கொரோனாவால் சீசன் தள்ளிப்போனது. முதல் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே, அடுத்த வருடம் அந்த சீட் போல் எஸ்பார்கரோவுக்கு, அலெக்ஸ் ஹோண்டாவின் சாட்டிலைட் அணியான எல்சிஆருக்குப் போகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை! பிறகு லெ மான்ஸிலும் அரகோனிலும் வரிசையாக இரண்டாம் இடம் வந்து காட்டினார். ஃபேக்டரி சீட்டின் சுபாவம் அதுதான். அங்கே ஸ்பான்சருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பதில் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் காத்திருக்கும் பொறுமை அந்த நாற்காலியில் யாருக்கும் கிடையாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சுசுகி 2019-ல் ஜோன் மிரை ஒரே ஒரு வருட மோட்டோ2 அனுபவத்தோடு ஃபேக்டரியில் எடுத்தது. 2020-ல் அவர் உலக சாம்பியன். சுசுகிக்குச் சாட்டிலைட் அணியே இல்லை என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருக்கும் அந்த இன்லைன் ஃபோர் பைக் ஓட்டுபவருக்கு இணங்கிப் போகும் பைக். பைக் சாதுவாக இருந்தால் நேர்வழி நடக்கும். முரட்டு பைக் என்றால் வேண்டாம்.

ஒரே கராஜ், இரண்டு கதை

2021 மோட்டோ2 சீசன் ரெமி கார்ட்னருக்கும் ராவுல் ஃபெர்னாண்டஸுக்கும் இடையிலான சண்டை. கார்ட்னர் நான்கே புள்ளியில் பட்டம் வாங்கினார். ஃபெர்னாண்டஸ் அந்த வகுப்பில் முதல் வருடத்திலேயே எட்டு பந்தயம் ஜெயித்திருந்தார். இந்த இரண்டு பேரையும் கேடிஎம் 2022-ல் டெக்3-ல் ஏற்றியது. அதற்காக அங்கே இருந்த பெட்ரூச்சியும் லெகுவோனாவும் வெளியே அனுப்பப்பட்டார்கள். சீசன் முடிவில் கார்ட்னருக்கு 13 புள்ளி, ஃபெர்னாண்டஸுக்கு 14. கார்ட்னர் சூப்பர்பைக் தொடருக்குப் போனார், ஃபெர்னாண்டஸ் அப்ரிலியாவுக்கு.

இவர்கள் திறமை குறைந்தவர்களா? 2025-ல் ஃபிலிப் ஐலண்டில் அப்ரிலியாவில் மோட்டோஜிபி பந்தயத்தையே ஜெயித்தார் ஃபெர்னாண்டஸ். எனவே பையனைச் சொல்லிக் குற்றமில்லை. பைக் அந்த வருடம் பழக்குவதற்குக் கஷ்டமான பைக்தான், ஒப்புக்கொள்கிறேன். ஃபெர்னாண்டஸுக்கு யமஹா பக்கம் போக மனமிருந்தது என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. மனமில்லாத கல்யாணம் எப்படி ஓடும். ஆனால் பெரிய தப்பாக எனக்குப் படுவது, ஒரே கராஜில் இரண்டு பேரையும் புதியவர்களாக வைத்தது.

அது ஏன் அவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குப் புரிந்தது ஸ்பெயினில் அல்ல, இருங்காட்டுக்கோட்டையில். சில வருடங்களுக்கு முன் ஒரு ரேஸ் வார இறுதியில் பேடாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். சின்ன பைக்கிலிருந்து அப்போதுதான் பெரிய பைக்குக்கு மாறிய ஒரு பையன் பிட்டுக்கு வந்து நின்றான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மெக்கானிக் குனிந்து கேட்டார்: "முன்னாடி எப்படி இருக்கு தம்பி?" "நல்லா இருக்குண்ணா." "பிரேக் விடும்போது?" "நல்லா இருக்குண்ணா." "ரெண்டாவது வளைவுல வெளிய வரும்போது?" "நல்லா இருக்குண்ணா." அவர் நோட்டில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. முன் டயரின் ஓரத்தில் உருண்டு கிடந்த ரப்பரை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். பையன் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "எது நல்லா இல்லன்னு இவனுக்குச் சொல்லத் தெரியிற வரைக்கும் நான் ஸ்பேனரத் தொடமாட்டேன் சார்."

டெக்3-ல் 2022-ல் நடந்தது இதன் பெரிய வடிவம் என்றே நினைக்கிறேன். இந்த பைக்கில் எது நல்லா இல்லை, எது எல்லா மோட்டோஜிபி பைக்குக்கும் பொதுவான முரட்டுத்தனம் என்று பிரித்துச் சொல்ல அந்தக் கராஜில் ஓட்டுபவர் யாருமில்லை. ஒருவன் டேட்டாவை இன்னொருவன் பார்த்தால், இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்துகொண்டிருப்பது தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

இப்போது 2024-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகோஸ்டா 2021-ல் மோட்டோ3-ல் முதல் வருடத்திலேயே உலக சாம்பியன். இரண்டாவது பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் பிட் லேனிலிருந்து கிளம்பி ஜெயித்த பையன். அப்போதே தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. 2022 மோட்டோ2-வில் ஐந்தாம் இடம், நடுவில் பயிற்சியில் தொடை எலும்பு முறிவு. 2023-ல் மோட்டோ2 சாம்பியன். நம் கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் நடந்த மோட்டோ2 பந்தயத்தை ஜெயித்ததும் அவர்தான். இரண்டு வருடம் முழுசாகப் பழுத்த பிறகுதான் மேலே வந்தார்.

வந்த இடத்தில் பக்கத்துப் பெட்டியில் இரண்டாவது வருடம் ஓட்டும் அகுஸ்டோ ஃபெர்னாண்டஸ். ஃபேக்டரி கராஜில் பிராட் பைண்டரும் ஜாக் மில்லரும். அவர்கள் டேட்டாவும் இவருக்குக் கிடைக்கும். க்ரூ சீஃப் பால் ட்ரெவதன், கேடிஎம் பைக்கின் உள்ளும் புறமும் தெரிந்தவர், அதற்கு முன் போல் எஸ்பார்கரோவோடு வேலை செய்தவர். முதல் பந்தயமான கத்தாரில் அகோஸ்டா நான்காம் இடம் வரை ஏறிப் போய், டயரைத் தின்றுவிட்டு ஒன்பதாவதாக முடித்தார். ஃபேக்டரி அணியில் இது நடந்திருந்தால் திங்கள்கிழமை ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள். டெக்3-ல் அது ஒரு பாடம். இரண்டு வாரத்தில் போர்த்திமாவில் அந்தப் பாடத்தை ஒப்பித்துவிட்டார். ஜப்பானின் மோதேகியில் போல் பொசிஷன், அதாவது முதல் தொடக்க இடம் எடுத்து, சனிக்கிழமைக் குறும்பந்தயம், ஞாயிறு பந்தயம் இரண்டிலும் கீழே விழுந்ததையும் மறைக்க வேண்டாம். அப்படி விழுவதற்கும் ஒரு இடம் வேண்டும் அல்லவா. ஆண்டு முடிவில் ஆறாம் இடம், ஐந்து முறை மேடை, அதாவது முதல் மூன்று இடத்துக்குள். 2025-ல் ஃபேக்டரி அணிக்குப் போகிறார் என்பதை முகெல்லோவிலேயே, அதாவது முதல் சீசன் பாதிகூட ஓடாதபோதே கேடிஎம் அறிவித்தது. ட்ரெவதனும் கூடவே போனார்.

யமஹாவின் குவார்ட்டராரோ கதையும் இதே அச்சுதான். 2018-ல் மோட்டோ2-வில் ஒரே ஒரு வெற்றி கணக்கில் நின்றது. மோதேகியில் ஜெயித்த இன்னொன்று டயர் காற்றழுத்த விதியில் பறிபோனது. அவரை யமஹாவின் சாட்டிலைட் அணியான பெட்ரோனாஸ் எடுத்தபோது உதட்டைப் பிதுக்கியவர்கள் நிறைய, நானும் பிதுக்கினேன். கொடுத்த பைக்கும் முழு ஃபேக்டரி வடிவம் இல்லை. ஆனால் அந்தக் கராஜில் பக்கத்தில் ஃபிராங்கோ மோர்பிடெல்லி, அவருக்குக் க்ரூ சீஃப் முன்னாள் சாம்பியன் ஹோர்ஹே லொரென்சோவோடு பட்டங்கள் பார்த்த ராமோன் ஃபோர்காடா. 2019-ல் ஏழு மேடை. 2021-ல் ஃபேக்டரி அணியில், வாலண்டினோ ரோஸி உட்கார்ந்திருந்த சீட்டில், உலகப் பட்டம். கூடவே வந்த க்ரூ சீஃப் டியெகோ குபெல்லினி.

கையெழுத்து இப்போது, பைக் பிறகு

நான்காவது வழிக்கு டுகாட்டி செய்ததைப் பார்க்கலாம். ஃபெர்மின் அல்டேகர் 2023 மோட்டோ2-வில் கடைசி நான்கு பந்தயத்தையும் வரிசையாக ஜெயித்தார். 2024 மோட்டோ2 சீசன் தொடக்கத்திலேயே டுகாட்டி 2025-க்குக் கையெழுத்து வாங்கிவிட்டது. அந்த இடைப்பட்ட வருடத்தில் பையன் சோபிக்கவில்லை, ஐந்தாம் இடம். மேலே இடம் உறுதி என்று தெரிந்தவுடன் கீழே பசி குறைவது மனித சுபாவம். வாங்கிய பொருளைத் தப்பாக வாங்கிவிட்டோமோ என்று டுகாட்டிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் 2025-ல் டுகாட்டியின் சாட்டிலைட் அணியான கிரெசினியின் பைக்கில் அலெக்ஸ் மார்க்கெஸ் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தோனேசியாவில் முதல் வெற்றியை எடுத்தார். அதே அலெக்ஸ், 2020-ல் ஹோண்டாவில் அடிபட்டவர், இப்போது பக்கத்துப் பெட்டியின் பெரியவர்.

இந்த வழியில் உள்ள ஆதாயம், மற்ற அணிகள் விலையை ஏற்றுவதற்குள் முடித்துவிடலாம். நஷ்டம், ஒரு வருடம் கழித்து யார் வரப்போகிறார் என்பது உங்களுக்கும் தெரியாது. தனியாக இது ஒரு வழியே இல்லை, மூன்றாவது வழிக்கு முன்பணம் என்றுதான் நான் பார்ப்பேன்.

2027-ல் எல்லாமே மாறுகிறது என்பதால் இந்தக் கணக்கும் கொஞ்சம் மாறும். எஞ்சின் 850 சிசி ஆகிறது, பைக்கைத் தாழ்த்தும் கருவிக்குத் தடை, டயர் மிஷ்லினிலிருந்து பிரெல்லிக்கு மாறுகிறது. மோட்டோ2-வும் மோட்டோ3-யும் 2024-லிருந்தே பிரெல்லியில்தான் ஓடுகின்றன. அளவும் கலவையும் வேறுதான், ஆனாலும் அந்தக் கம்பெனி டயர் வழுக்கப் போகும்போது கைக்கு என்ன சொல்லும் என்பது பையனுக்குப் பழக்கம். பத்து வருடம் மிஷ்லின் ஓட்டிய பெரியவருக்குப் புதுசு. புதிய ரைடரின் பின்தங்கல் இவ்வளவு குறையும் வருடம் சமீபத்தில் வந்ததில்லை. ஆகவே நேராக ஃபேக்டரியில் போடலாமா என்று ஆசை வரும். வரட்டும். ஆனால் பைக்கும் புதுசு, பையனும் புதுசு என்றால், தப்பு எதன் மேல் என்று யார் சொல்வது? அதே "நல்லா இருக்குண்ணா" கதைதான் மறுபடி ஓடும். ஹோண்டா 2025 மோட்டோ2 சாம்பியன் டியோகோ மொரெய்ராவைத் தன் ஒப்பந்தத்தில் வாங்கி, 2026-க்கு எல்சிஆரில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய விதியின் கடைசி வருடத்திலேயே பெரிய பைக்கில் விழுந்து எழுந்துவிட்டால், 2027-ல் அவர் புதியவர் இல்லை.

என்னிடம் பேனாவைக் கொடுத்தால் மூன்றாவது வழிக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். ஒப்பந்தம் தொழிற்சாலையோடு, சீட் சாட்டிலைட்டில், பைக் ஃபேக்டரியில் ஓடும் அதே வடிவம். பைக் பழைய மாடல் என்றால் மில்லர் கதைதான், பேச வேண்டியதே இல்லை. பக்கத்துப் பெட்டியில் அந்த பைக்கை ஒரு வருடமாவது ஓட்டியவர். சீசன் தொடங்கும் முன் மலேசியாவின் செபாங்கில் புதியவர்களையும் டெஸ்ட் ரைடர்களையும் ஓட்ட விடும் மூன்று நாளை ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. அங்கே லேப் டைம் போர்டைப் பையனுக்குக் காட்டவே மாட்டேன்.

பையனின் மேனேஜர் சம்பளத்தையும், ஃபேக்டரிக்கு எப்போது ஏற்றுவீர்கள் என்பதையும் பற்றித்தான் ராத்திரி முழுக்கப் பேசுவார். அவர் கேட்டதில் பாதியைக் கொடுத்துவிடலாம். நான் விடாமல் பிடிப்பது ஒரு வரி மட்டும்: க்ரூ சீஃப் யார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும், பையன் எந்தக் கராஜுக்கு மாறினாலும் அந்தப் பெயரும் கூடவே மாற வேண்டும். எழுத மாட்டோம் என்றால், பையனை இன்னும் ஒரு வருடம் மோட்டோ2-விலேயே ஓட விடுங்கள்.